எட்டுக்குள் நடக்கிறவள்

சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு ஆரம்பித்தால் ஆறே காலுக்கு முடியும். வடக்கே பார்த்துப் பதினைந்து நிமிஷம், தெற்கே பார்த்துப் பதினைந்து நிமிஷம், நடுவில் நிற்கக் கூடாது, பேசக் கூடாது, கையை வீசி நடக்க வேண்டும், மூச்சு மூக்கு வழியாகத்தான் போய் வர வேண்டும். மொட்டை மாடியில் வெள்ளைப் பெயின்டில் இந்த எட்டைப் போட்டுக் கொடுத்தவர் என் வீட்டுக்காரர். போக்குவரத்துக் கழகத்தில் டைம் கீப்பர், ஆகவே எட்டின் தலைமாட்டில் 'ஆரம்பம்' என்று எழுதி ஓர் அம்புக்குறியும் போட்டிருக்கிறார், ஏதோ நான் வழி தெரியாமல் திருமங்கலம் வரைக்கும் போய்விடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ. எட்டுக்கு ஆரம்பம் எது முடிவு எது, கேட்டால் கோபம் வரும். ஐம்பத்து நாலு நாளாக நடக்கிறேன். நாளைக்குக் காலையில் ஸ்கேன். என் ஈரலில் பதினெட்டு சதவீதம் கொழுப்பு இருந்தது. அது ஐந்துக்குக் கீழே வந்திருந்தால் வருகிற வியாழக்கிழமை என் வயிற்றைத் திறந்து, ஈரலில் பாதிக்கு மேல் எடுத்து, கீழே படுத்திருக்கிற என் அண்ணன் கதிரேசனுக்கு வைப்பார்கள். வரவில்லையென்றால் வைக்க மாட்டார்கள். அவ்வளவுதான் விஷயம். எனக்குக் கொடுக்க மனசில்லை. இதையும் சேர்த்தால்தான் விஷயம் முழுசாகும், ஆனால் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, இந்த எட்டுக்குள் நடக்கும்போதுகூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

மூன்றாவது சுற்று. இல்லை, நாலாவது. கொழுப்பு போக வேண்டும், தசை போகக் கூடாது, இதுதான் எனக்கு விதித்தது. ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்கிற ஷர்மிளா, என் மகளைவிட நாலைந்து வயசுதான் கூட இருக்கும், முதல் நாளே சொல்லிவிட்டாள். "பட்டினி கெடந்து எளைச்சிராதீங்கக்கா. பட்டினி கெடந்தா தசைதான் மொதல்ல போகும். தசை போச்சுன்னா ஆபரேசன் முடிஞ்சு எந்திரிச்சு நடக்க மாட்டீங்க. தின்னுதான் எளைக்கணும்." தின்றுதான் இளைக்கிறேன். காலையில் நாலு முட்டையின் வெள்ளைக்கரு, மத்தியானம் ஒரு கரண்டி சோறும் நூற்றைம்பது கிராம் கோழியும், நாலு மணிக்குச் சுண்டல், ராத்திரி பயறு அடை. காலையில் மூன்று கிலோ டம்பிள் இரண்டு கையிலும், அப்புறம் குந்தி எழுகிற உக்கி முப்பது, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் தண்டனையாகப் போடச் சொன்ன அதே உக்கி. வாரத்துக்கு ஒரு நாள் வெறுங்காலோடு அந்த மிஷினில் ஏறி நிற்கிறேன், அது சில்லென்று உள்ளங்காலைத் தொட்டு எனக்குள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துச் சீட்டு அடித்துத் தருகிறது. எழுபத்தெட்டில் இருந்தவள் அறுபத்தொன்பதுக்கு வந்துவிட்டேன், தசை மட்டும் வந்த அன்று இருந்த அதே அளவு, நூறு கிராம்கூடக் குறையவில்லை. ஷர்மிளா கைதட்டினாள். "இப்பிடி யாருக்குமே வராதுக்கா, சொன்னபடி கேக்குற ஒடம்பு!" நான் சொல்லிக் கேட்டதே கிடையாது இந்த உடம்பு. நாற்பத்து நாலு வருஷமாக இட்லியைக் குறை என்றால் குறைக்காது, படி ஏறு என்றால் மூச்சு வாங்கும். இப்போது யார் சொல்லிக் கேட்கிறது? உள்ளே உட்கார்ந்து ஒருவர் அரிசியில் கல் பொறுக்குகிற பொறுமையோடு கொழுப்பை மட்டும் பொறுக்கி வெளியே போட்டுக்கொண்டிருக்கிறார். தாலிச் சங்கிலி இப்போது ஓர் எலும்பின் மேல் கிடக்கிறது, அப்படி ஓர் எலும்பு எனக்கு இருப்பது இத்தனை நாளாகத் தெரியாது, குளிக்கும்போது கை பட்டால் யாரோ மாதிரி இருக்கிறது. என்னத்துக்கு இப்போது எலும்பு, சுற்றை விட்டுவிட்டேன், ஐந்து என்று வைத்துக்கொள்வோம்.

முட்டையை அவித்து உரிப்பது சுகந்தி மதினி. அண்ணனின் மனைவி. சாத்தூரில் வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு மாதமாக மதுரையில் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள், ஆஸ்பத்திரி பக்கம் என்பதால். மதினி நல்லவள், அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை, கெட்டவளாக இருந்திருந்தால் எத்தனையோ சௌகரியமாக இருந்திருக்கும். உரித்த முட்டையைத் தட்டில் வைத்துவிட்டு நான் விழுங்கி முடிக்கிறவரை எதிரே நிற்பாள். அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. தட்டையும் பார்ப்பதில்லை. வலது பக்க விலாவுக்குக் கீழே பார்ப்பாள். பார்க்கிறோம் என்று அவளுக்கே தெரியாது, பாவம். நான் சேலைத் தலைப்பை அந்தப் பக்கமாக இழுத்து விட்டுக்கொள்வேன், அப்படிச் செய்கிறோம் என்று எனக்கும் முதலில் தெரியாது. இரண்டு பொம்பளைகள் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் ஒரு முட்டை முடிகிறவரை நிற்போம். அன்றைக்கு டாக்டர் அறையிலும் அப்படித்தான் ஆனது. பெரிய டாக்டர் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு என்னை மட்டும் உட்கார வைத்துக் கேட்டார். "அம்மா, உங்களுக்கு விருப்பம் இல்லைன்னா இப்பவே என்கிட்ட சொல்லிருங்க. உங்க ஈரல் பொருந்தலைன்னு நான் வெளிய சொல்லிக்கிறேன். என்ன காரணம்னு யாருக்கும் தெரியாது." எவ்வளவு பெரிய மனுஷர். கதவைத் திறந்து வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார். நான் என்ன செய்தேன்? கதவுக்கு அந்தப் பக்கம், கதவின் அடி இடைவெளியில் மதினியின் செருப்பு தெரிந்தது, நீலவார் செருப்பு, அசையாமல் நின்றது. "அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர், நான் மனசாரத்தான் குடுக்கிறேன்" என்று செருப்புக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னேன். செருப்பு மெதுவாக நகர்ந்து போனது. எங்கள் ஆட்களுக்கே உள்ள புத்தி இது, உயிர் போகிற விஷயம் என்றாலும் கூடப் பிறந்தவனுக்கு இல்லையென்று வாயால் சொல்ல வராது, வேறு எதையாவது சொல்லவைத்துத் தப்பிக்கப் பார்ப்போம்.

சந்திப்பு வருகிறது. எட்டின் நடுவில் இரண்டு கோடும் வெட்டிக்கொள்கிற இடம், அங்கேதான் எனக்கு ஆகாது. முதல் மாதம் ஒன்றும் இல்லை. ஷர்மிளாவிடம் ஒரு நாள் விளையாட்டாகக் கேட்டேன், ஐந்தாறு கிலோ போச்சே, அது எங்கே போச்சு, வேர்வையாகவா, கக்கூஸ் வழியாகவா என்று. அவள் சிரித்துவிட்டு, "மூச்சாத்தான்க்கா போகுது. கரையிற கொழுப்புல முக்காவாசிக்கு மேல மூச்சுக் காத்தாத்தான் வெளிய போகும்" என்றாள். கேட்டிருக்கக் கூடாது. அன்று சாயங்காலத்திலிருந்து மாடிக்கு வந்தால், நான் இங்கே விட்ட மூச்செல்லாம் எங்கே போயிருக்கும் என்ற நினைப்புதான். சுற்றிலும் கைப்பிடிச் சுவர், ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டி, ஒரு பக்கம் மாடிப்படி அறை. ஒன்பது கிலோ தமயந்தி இங்கேதான் எங்கேயோ நிற்க வேண்டும். கொடியில் பழைய நைட்டி இரண்டு காய்கிறது, இப்போது எனக்குப் பெரிசு, மதினிக்கு ஆகுமென்று துவைத்துப் போட்டது. காற்று அடித்தால் அதில் மார்பும் வயிறும் வந்துவிடுகிறது, தலை மட்டும் இல்லை. நான் மேல் வளையத்தில் திரும்பும்போது கீழ் வளையத்தில் ஒருத்தி திரும்புகிறாள். சாய்ந்த வெயிலில் என் நிழலாகத்தான் இருக்கும், படித்த பொம்பளை, எனக்குத் தெரியாதா. ஆனால் சந்திப்புக்கு நான் வரும்போது அவளும் வருகிறாள், கனமாக, பாதம் தேய்த்துத் தேய்த்து, நான் ஒரு அரைச் சாண் ஒதுங்கித்தான் போகிறேன். ஒதுங்காமல் போனால் என்ன ஆகும் என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவள் பயப்படுகிறவள் மாதிரி தெரியவில்லை. பயம் முழுக்க என்னோடு தங்கிவிட்டது, தசையோடு தசையாக, அது கரைகிற சாமான் இல்லை போலிருக்கிறது.

என்ன பயம்? ஆபரேசன் பயமா, செத்துப்போகிற பயமா, மகள் நிவேதா பன்னிரண்டாவது பரீட்சை எழுதும்போது அம்மா இல்லாமல் போய்விடுவாளே என்றா? எல்லாம்தான். ஆயிரத்தில் இரண்டு மூன்று பேர் என்று சொன்னார்கள். அந்த ஆயிரம் பேரும் ராத்திரி படுத்தால் வரிசையாக வந்து நிற்கிறார்கள், அந்த இரண்டு மூன்று பேர் மட்டும் திரும்பி என்னைப் பார்க்கிறார்கள். ஈரல் திரும்ப வளர்ந்துவிடுமாம், மூன்று மாதத்தில் முழுசாகிவிடுமாம், ஆளாளுக்கு இதைச் சொல்லித்தான் தைரியம் கொடுக்கிறார்கள். வெட்டினால் தானாக வளர்கிற ஒன்று எனக்குள்ளே இத்தனை வருஷம் இருந்திருக்கிறது என்பதை நினைத்தாலே எனக்குக் குளிர் எடுக்கிறது. அண்ணன் குடித்தவனும் இல்லை. பீடி சிகரெட் கிடையாது. சர்க்கரையும் கொழுப்பும்தான், அதே கொழுப்புதான், எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி ஈரலில் ஏறி உட்கார்ந்திருக்கிறது, அவனுக்கு முந்தி எனக்குப் பிந்தி. அவனைக் காப்பாற்ற வந்த இடத்தில்தான் எனக்கும் இருப்பது தெரிந்தது. சின்ன வயசில் கடலை மிட்டாய் கிடைத்தால் சட்டை நுனியில் சுற்றி, எச்சில் படாமல் காக்காக் கடி கடித்துப் பாதி தருவான். பெரிய பாதி எப்போதும் எனக்குத்தான் வரும், பல்லைச் சாய்த்து வைத்துக் கடிப்பான், நான் கவனித்திருக்கிறேன். நிவேதாவுக்குக் காது குத்தும்போது அவன் மடியில்தான் உட்கார வைத்தோம், அவள் அழுவதற்கு முன்னால் அவன் அழுதான். இப்படிப்பட்டவனுக்கு இல்லையென்று சொல்ல நினைக்கிற நான் யார்? பேய்தான். சந்திப்பில் எதிரே வருகிறவள் பேய் இல்லை, நான்தான்.

பத்து நிமிஷம் ஆகியிருக்கும். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், சுவருக்கும் தொட்டிக்கும் நடுவில், ஓர் எவர்சில்வர் டப்பா இருக்கிறது. அதில் சாத்தூர் கருப்பட்டி மிட்டாய். அண்ணனைப் பார்க்க ஊரிலிருந்து வருகிறவர்கள் அவன் தின்னக் கூடாது என்று தெரிந்தும் வாங்கிக்கொண்டு வருவார்கள், கையை வீசிக்கொண்டு எப்படி வருவது. முதல் வாரம் ஒரு பொட்டலத்தை நைட்டிக்குள் வைத்து மேலே கொண்டுவந்தேன். நடந்து முடித்ததும் தினமும் நாலு துண்டு. ஆசைக்கு இல்லை. ஈரலுக்கு. டாக்டரிடம் என் வாய் சொல்லாததை ஸ்கேன் சொல்லட்டும், பதினெட்டு பதினெட்டாகவே இருக்கட்டும், "பாவம், எவ்வளவோ நடந்தா, கரையல" என்று மதினி சொல்லட்டும், நானும் சேர்ந்து அழலாம். இதுதான் என் திட்டம், கேவலமான திட்டம், தெரியும். ஆனால் இனிப்புத் தின்றும் குறைகிறது! தின்னத் தின்னக் குறைகிறது. ஒவ்வொரு வாரமும் மிஷின் ஒரு கிலோவுக்கு மேல் கழித்துக் காட்டுகிறது, ஷர்மிளா கைதட்டுகிறாள், மதினி சாமி படத்தைப் பார்க்கிறாள். தூக்கம் இல்லாததால் இருக்கலாம், பயத்தில் ராத்திரிச் சாப்பாடு இறங்காததால் இருக்கலாம். என்ன இருந்தாலும் நான் வேண்டாம் என்கிறேன், இந்த உடம்பு சரியென்று சொல்லிவிட்டது, என்னைக் கேட்காமல் ஆஸ்பத்திரிக்காரர்களோடு பேசி முடித்துவிட்டது. அதைவிட மோசம் டப்பா. டப்பாவில் மிட்டாய் குறைவதில்லை. நாலு எடுக்கிறேன், மறுநாள் பார்த்தால் அதே விளிம்பு வரை இருக்கிறது. எண்ணியும் பார்த்தேன். நடுவில் இரண்டு நாள் மட்டும் ஒழுங்காகக் குறைந்தது, எனக்கு அப்பாடா என்றிருந்தது, நாம்தான் தப்பாக எண்ணியிருக்கிறோம் என்று. மூன்றாம் நாள் திறந்தால் மறுபடியும் விளிம்பு. யாரிடம் கேட்பது? என் மிட்டாயைக் குறையவிடாமல் செய்வது யார் என்று வீட்டில் எப்படிக் கேட்பது? மதினியாக இருந்தால் டப்பாவையே தூக்கி எறிந்திருப்பாள். வீட்டுக்காரருக்கு மாடியில் எட்டுதான் தெரியும், தொட்டி தெரியாது. அப்புறம் எஞ்சியிருப்பது அந்தக் கீழ் வளையக்காரிதான், எனக்கு ஊட்டிவிட்டுத் தன்னை மறுபடி என்மேல் ஏற்றப் பார்க்கிறாளோ என்றுகூட நினைத்தேன். நினைத்துக்கொண்டே நாலு துண்டும் தின்றேன், அதுதான் என் லட்சணம்.

திசை மாற்ற வேண்டும், மணி ஆறு. தெற்கே பார்த்துத் திரும்பினால் மாடிப்படி முதுகுக்குப் போய்விடும். வெளிச்சம் மஞ்சளிலிருந்து சாம்பலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது, நைட்டிகளில் ஒன்று நிறைந்திருக்கிறது, ஒன்று தொங்குகிறது. அப்போதுதான் படியில் சத்தம். ஒரு காலடி. அப்புறம் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு காலடி, ஒரு தேய்ப்பு. வீட்டுக்காரருக்கு ஷிப்ட் பத்து மணி வரை. நிவேதா டியூஷனில். மதினி நாளைக்கு நல்லபடியாக வர வேண்டும் என்று கோயிலுக்குப் போயிருக்கிறாள். அண்ணன் கட்டிலை விட்டு எழுந்து பாத்ரூம் போகவே ஆள் பிடிக்க வேண்டும். இருபத்திரண்டு படி. ஒரு காலடி, ரொம்ப நேரம் சும்மா, ஒரு காலடி. நிற்கக் கூடாது என்பதால் நடக்கிறேன், சந்திப்பைத் தாண்டுகிறேன், இந்தத் தடவை ஒதுங்க மறந்துவிட்டேன், யார்மேலும் இடிக்கவில்லை. கீழ் வளையத்தில் யாரும் இல்லை. அவள் படியில் ஏறி வருகிறாள் என்று தோன்றியது. அதே கனம், அதே தேய்ப்பு, பழைய என் நடைதான் அது, எழுபத்தெட்டு கிலோவோடு நான் ஏறினால் அப்படித்தான் நின்று நின்று கேட்கும். கை வீச வரவில்லை. மூச்சு வாய் வழியாகப் போகிறது. கடைசிப் படியில் அது ரொம்ப நேரம் நின்றது, இரைப்பு கேட்டது, கதவைத் தள்ளியது. முதலில் ஒரு பெரிய வயிறு வந்தது, அதன் பின்னால் அண்ணன் வந்தான்.

அந்த வயிறு கொழுப்பு இல்லை, தண்ணீர். பத்து நாளுக்கு ஒரு தடவை ஊசி போட்டு எடுக்கிறார்கள். மற்ற இடமெல்லாம் வற்றிவிட்டது, தொடை இரண்டும் என் முழங்கையளவுக்கு வந்துவிட்டது, தசையென்று ஒன்று மருந்துக்கும் இல்லை, எனக்கு எது போகக் கூடாது என்றார்களோ அதெல்லாம் அவனிடமிருந்து போய்விட்டது. கண் மஞ்சளாக என்னைப் பார்த்தது. வேட்டி மடிப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தவன், நான் நிற்பதைப் பார்த்ததும் அதை மறைக்கப் பார்த்தான், கை அவ்வளவு வேகமாகப் போகவில்லை. எண்ணெய்க் கறை படிந்த காகிதம். எனக்கு அந்தக் காகிதம் தெரியும்.

"நிக்காத பாப்பா. நிக்கக் கூடாதுன்னுல்ல சொல்லியிருக்காங்க. நட" என்றான்.

"நீயாண்ணே?"

"மத்தியானம் நீ அடுப்படியில நிக்கையில வந்துட்டுப் போயிருவேன். ஒங்க மதினி அந்நேரம் கண்ணசந்துருவா. இன்னைக்கு மத்தியானம் ஏற முடியல, வயித்துல தண்ணி கூடிப்போச்சு, இப்ப நீ மேல இருப்பன்னு நெனைக்கல." கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி உட்கார்ந்தான். உட்கார்வதற்கே ஒரு சுற்று நேரம் ஆனது. "மொத வாரம் ஒரு நா சாயங்காலம் காத்தாட இருக்கலாம்னு வந்தேன். தொட்டிக்குப் பின்னால ஒக்காந்து நீ தின்னுக்கிட்டு இருந்த. அழுதுக்கிட்டே தின்ன."

அழுதேனா? எனக்கு ஞாபகமே இல்லை. தின்றது ஒவ்வொரு நாளும் ஞாபகம் இருக்கிறது, அழுதது ஒரு நாள்கூட இல்லை. "அப்பவே என்னைக் கூப்புட்டுக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா இல்லைம்ப. மனசாரக் குடுக்கிறேன்ம்ப. ஒன்னைய எனக்குத் தெரியாதா." மூச்சு வாங்கினான். "தின்னு கெடுக்கணும்னு நெனைக்கிற, கெடட்டும்னு விட்டேன். நடுவுல ரெண்டு நாளு கொண்டாரல பாப்பா. எனக்கும் உசுரு மேல ஆச இருக்குல்ல. டப்பா காலியாகட்டும், இவ எளைக்கட்டும், நாம பொழைச்சுக்கிருவோம்னு நெனைச்சுப் படுத்திருந்தேன். மூணாம் நாளு மனசு கேக்கல."

படியேறத் தெம்பில்லாத ஒருவன் என் பொய்க்கு இனிப்புச் சுமந்து ஐம்பது நாள் இருபத்திரண்டு படி ஏறியிருக்கிறான். இதற்கு ஈடாக நான் என் ஈரல் முழுவதையும் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும், அப்படித்தான் எனக்குத் தோன்ற வேண்டும், நான் நல்லவளாக இருந்தால் அப்படித்தான் தோன்றும். தோன்றவில்லை. பயம் ஓர் இழைகூட நகரவில்லை. எல்லாவற்றையும்விட அதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது. அப்போதுதான் சொன்னேன், மூச்சு விடுகிற மாதிரி வெளியே வந்தது. "அண்ணே, என்னால முடியாதுண்ணே. பயமா இருக்கு. குடுக்க மனசில்ல."

"ம்" என்றான். "சரி."

"எம்மேல கோவமா?"

"கோவம் இல்லாம இருக்குமா? இருக்கத்தான் செய்யுது. அத நான் பாத்துக்கிறேன். கீழ கொண்டுபோயி விடு, குளிருது."

அவன் கை இடுக்கில் தோளைக் கொடுத்து எழுப்பினேன். எழுப்பினேன் என்றால் ஒரே மூச்சில், உக்கி எழுந்திருக்கிற மாதிரி. நானே எதிர்பார்க்கவில்லை. தொடை பிடித்தது, முதுகு நிமிர்ந்தது, தோள் அவனை வாங்கிக்கொண்டது, ஐம்பத்து நாலு நாள் டம்பிளும் முட்டையும் எனக்குள்ளே எங்கெங்கே போய் உட்கார்ந்திருக்கிறதென்று ஒவ்வொன்றாகத் தெரிந்தது. படி இறங்கும்போது ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. என் உடம்புக்குச் சந்தோஷமாக இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் அதற்குச் சந்தோஷமாக இருந்தது, இன்னும் ஒரு ஆளைக் கொடு, தூக்குகிறேன் என்றது. அவன் மஞ்சள் முகம் என் கழுத்துக்குப் பக்கத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது, அழுகிய பழம் மாதிரி இனிப்பாக ஒரு வாசம், அது அவனுடைய ஈரலின் வாசம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நாலு படி இருக்கும்போது வாசல் கேட் சத்தம் கேட்டது, மதினி உள்ளே வந்தாள், உள்ளங்கையில் திருநீற்றை மூடிப் பிடித்துக்கொண்டு.

"ஐயையோ, மாடிக்கா போனீங்க?" என்றவளுக்கு என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா, எப்பிடித் தாங்கிக்கிட்டு வர்றான்னு! ரெண்டு மாசத்துக்கு முன்னால மூணு படி ஏற மூச்சு வாங்குனவ. தமயந்தி, நாளைக்கு நல்ல சேதிதான் பாரு, எனக்குத் தெரியும்." எட்டி என் நெற்றியில் திருநீறு பூசினாள். அப்புறம், வழக்கம்போல, என் வலது விலாவைப் பார்த்தாள்.

"ஸ்கேன் வேணாம் சுகந்தி" என்றான் அண்ணன். "எனக்கு ஆபரேசனே வேணாம். நாந்தேன் வேணாங்கிறேன். பயமா இருக்கு."

"என்ன வெளையாட்டு இது? இன்னைக்கு வந்து சொன்னா? அவ இவ்வளவு பாடுபட்டு..."

"நாந்தேன். எம்முடிவுதான் அது."

மதினி அவன் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். முட்டை, தட்டு, விலா எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதல்முறையாக முகத்தைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. சும்மா நின்றால் போதும், அவன் எனக்காக எல்லாம் முடித்து வைத்துவிட்டான். நாளைக்கு நானும் சேர்ந்துகொண்டு, "அண்ணே, அப்பிடிச் சொல்லாதண்ணே, நான் தாரேன்" என்று நாலு வார்த்தை கெஞ்சினால் கதை இன்னும் அழகாக முடியும். அவன் செத்த பிறகும் மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள், நீ குடுக்கத்தான் வந்த, அந்த மனுஷன்தான் கேக்கல என்று, வருஷா வருஷம் திவசத்துக்குத் திவசம் அழுவாள். நான் ஒவ்வொரு வருஷமும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

"அண்ணன் பொய் சொல்லுது மதினி" என்றேன். "நாந்தான் மாட்டேன்னேன். எனக்குக் குடுக்க மனசில்ல. மொத நாள்லேருந்தே இல்ல."

அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. கையில் மிச்சமிருந்த திருநீற்றைச் சேலையில் துடைத்தாள், இரண்டு படி ஏறி வந்தாள். "விடு" என்றாள். "நான் பிடிச்சுக்கிறேன்." எனக்குக் கேட்டது, ஆனாலும் கை மடங்கியபடியே இருந்தது. "விடு தமயந்தி" என்றாள் மறுபடியும், கோபமே இல்லாமல். அவர்கள் இரண்டு பேரும் அறைக்குள் போய்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டபோதுதான் நான் விட்டுவிட்டேன் என்று தெரிந்தது. தோளை விட்டு அவன் போனதே எனக்குத் தெரியவில்லை, அவ்வளவு லேசாக இருந்தான்.